கதம்பை கையில இருக்க, கடை நார் எதுக்கு?

உங்க வீட்டு சிங்க் ஓரமா ஒரு பச்சை நார் கெடக்கும். இப்பவே எழும்பிப் போய்ப் பாருங்க. ஒரு மூலை பிஞ்சிருக்கும். நேத்து வச்ச சாம்பாரோட கறிவேப்பிலை ஒண்ணு அதுக்குள்ள மாட்டியிருக்கும். மோந்து பார்த்தா... வேண்டாம், அந்த ரிஸ்க் மட்டும் எடுக்காதீங்க!

அந்தப் பச்சை நாரும் ஒரு பிளாஸ்டிக்தான். நைலான் இல்லேன்னா பாலியஸ்டர் இழை. தேய்க்கத் தேய்க்க அது சின்னதாகுதே, அந்தக் காணாமப் போன பாகம் எங்கே போகுதுன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? நானும் யோசிச்சதில்ல. போன செமஸ்டர்ல 'சுற்றுச்சூழல் அறிவியல்' பேப்பருக்கு நைட் அவுட் போட்டுப் படிச்சப்பதான் மைக்ரோ பிளாஸ்டிக் பத்தி மண்டையில ஏறிச்சு. பரீட்சை முடிஞ்சா படிச்சது மறந்து போகணும், அதுதானே நம்ம பரம்பரை வழக்கம்? இது மட்டும் மறக்கல.

லீவுக்கு நாகர்கோவில் வந்த மறுநாளே நான் செஞ்ச வேலை, ஆன்லைன்ல 'எகோ ஃப்ரெண்ட்லி' பாத்திரம் தேய்க்கும் செட் ஒண்ணு ஆர்டர் போட்டது. மூணு நாள்ல வந்துச்சு. பிரிச்சா ஒரு பிளாஸ்டிக் கவர். அதுக்குள்ள பபிள் ராப். அதுக்குள்ள ஒரு அட்டைப்பெட்டி. அதுக்குள்ள... தேங்காய் நார்!

எங்க வீட்டுக் கொல்லையில நாலு தென்னை நிக்குது. அப்பா அந்த நாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "லேய், இது நம்ம ஊர்ல இருந்தே போயி, ஊரைச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வந்திருக்கும் போலிருக்கே" அப்படின்னார்.

நான் விடல. "இனிமே நம்ம வீட்டுல பிளாஸ்டிக் நார் கெடையாது, பாக்கெட் லிக்விட் கெடையாது. ஆச்சி காலத்து முறைக்குப் போறோம்"னு அம்மாகிட்ட அறிவிச்சேன். அம்மா அடுப்படியில இருந்து திரும்பிக்கூடப் பார்க்கல.

"சரி மக்கா. ஆச்சி காலத்துக்குப் போவோம். தேய்க்கது யாரு?"

பதில் சொல்ல வாய் வரல. அதுக்குள்ள தீர்ப்பே வந்துட்டு. "ஒரு வாரம் இந்த வீட்டுப் பாத்திரம் உனக்க பொறுப்பு. நீ எதை வச்சு வேணும்னாலும் தேயி. அதுக்குப் பொறவு வந்து எனக்குப் பாடம் எடு."

இப்படித்தான் ஆரம்பிச்சது என்னோட 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. வாங்க, வண்டியில உங்களுக்கும் இடம் இருக்கு.

கோட்டாறு: தலைக்கா, பாத்திரத்துக்கா?

சனிக்கிழமை காலையில நண்பனோட பைக்ல முதல் ஸ்டாப் கோட்டாறு கடைவீதி. நாகர்கோவில்ல எந்தச் சாமானையும் மொத்தமா வாங்கணும்னா பெரியவங்க கைகாட்டுற இடம். ஒரு நாட்டு மருந்துக்கடையில போய், "அண்ணாச்சி, பூந்திக்கொட்டை கால் கிலோ"ன்னு கேட்டேன்.

"தலைக்கா?"

"இல்ல அண்ணாச்சி, பாத்திரத்துக்கு."

ஏற இறங்கப் பார்த்துட்டு, "காலேஜ்ல புராஜெக்ட்டா தம்பி?"ன்னு கேட்டார். ஒரு ஆம்பளைப் பையன் பாத்திரம் தேய்க்கச் சாமான் வாங்குனா, அது புராஜெக்ட்டாத்தான் இருக்கணும்! நண்பன் சிரிச்ச சிரிப்பு பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

பூந்திக்கொட்டையிலயும் சீயக்காயிலயும் இருக்கிற சமாச்சாரத்துக்கு சபோனின்னு பேர். அதோட ஒரு முனை தண்ணியோட சேரும், இன்னொரு முனை எண்ணெயோட சேரும். அதனாலதான் அழுக்கு கழண்டு வருது. நாம பாட்டில்ல வாங்குற லிக்விட் செய்ற வேலையும் இதேதான். தொழிற்சாலை மட்டும்தான் வேற. ஒண்ணு மரத்துல நடக்குது.

பக்கத்துலயே ஈர்க்கு வாரியல் கட்டுக்கட்டா அடுக்கியிருந்தது. சென்னை, கோவை வாசகர்களுக்கு: எங்க ஊர்ல துடைப்பத்துக்குப் பேர் வாரியல். ஆனா அதுக்குப் பக்கத்துலயே பளபளன்னு பிளாஸ்டிக் வாரியலும் தொங்குது.

இதுல ஒரு விஷயம் எனக்குப் புரியல. பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு எதிரா கன்னியாகுமரி மாவட்டம் 2010-லேயே களத்துல இறங்குச்சு. தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல. தட்டு, கப், ஸ்ட்ரா, கேரி பேக், தண்ணி பாக்கெட்னு ஒரு பட்டியலே உண்டு. அந்தப் பட்டியல்ல நம்ம பச்சை நார் இல்ல. கடைக்கு மஞ்சப்பை எடுத்துட்டுப் போறோம். அதுக்குள்ளயே மூணு பிளாஸ்டிக் நார் வாங்கிப் போட்டுட்டு வாறோம். சட்டம் கடை வாசல் வரைக்கும்தான் வரும் போல. சிங்க் வரைக்கும் நாமதான் கூட்டிட்டு வரணும்.

ஈத்தாமொழி: ஆச்சியோட லேப்

அடுத்த ஸ்டாப் ஈத்தாமொழி பக்கம், எங்க ஆச்சி வீடு. தேங்காய்னா ஈத்தாமொழி. இந்த ஊர் நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுநடுவே தும்பு ஆலை, வெயில்ல காயப் போட்ட நார். வெளியூர்ல தேங்காய் மட்டைம்பாங்க, எங்களுக்குக் கதம்பை.

அந்தக் கதம்பையில மூணுல ஒரு பங்குதான் நார். மீதி எல்லாம் தூள். நாரில் லிக்னின் அதிகம், மரக்கட்டையை உறுதியாக்குற அதே பொருள். அதனாலதான் தண்ணியில கெடந்தாலும் சீக்கிரம் மக்காம நிக்கும். பாத்திரம் தேய்க்க இதைவிடப் பொருத்தமா ஒண்ணை டிசைன் பண்ணச் சொன்னா நம்ம மெக்கானிக்கல் பசங்க நாலு வருஷம் எடுப்பாங்க. தூக்கிப் போட்டாலும் கவலையில்ல, கொஞ்ச நாள் கழிச்சு மண்ணாயிரும்.

ஆச்சிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஒரு காஞ்ச கதம்பையை எடுத்துத் தண்ணியில முக்கினா. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மிக் கல்லுல வச்சு ஒரு கட்டையால அடிச்சா. தூள் எல்லாம் உதிர்ந்து நார் தனியா வந்துச்சு. அதை ரெண்டு பிடியாப் பிரிச்சு, ஒண்ணுமேல ஒண்ணு குறுக்க வச்சு, உள்ளங்கையில உருட்டி, நாலு இழையால வரிஞ்சு ஒரு முடிச்சு. கைக்கு அடக்கமா ஒரு பந்து! ஆன்லைன்ல வந்ததைவிட கெட்டியா இருந்துச்சு. நானும் ஒண்ணு செஞ்சேன். அது பந்து மாதிரி இல்ல, குருவிக்கூடு கலைஞ்ச மாதிரி இருந்துச்சு.

"ஆச்சி, இவ்வளவு ஈஸியா இருக்கே, பொறவு ஏன் எல்லாரும் விட்டுட்டாங்க?"

ஆச்சி பேசாம ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா. உள்ளங்கை வழுவழுன்னு இருக்கு. விரல் நுனியில ரேகையே சரியாத் தெரியல.

கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கயிறு திரிச்ச கை. மீதி நேரம் சாம்பலும் கதம்பையும் போட்டு அண்டா, குண்டா தேய்ச்ச கை. போன மாசம் ரேஷன் கடையில விரலை வச்சா மெஷின் எடுக்கலையாம். துணியில துடைச்சு, திரும்பத் திரும்ப வச்சும் எடுக்கல. அன்னைக்கு அரிசி வாங்காம திரும்பி வந்திருக்கா.

"மெஷினுக்கு என்னைத் தெரியல மக்கா" அப்படின்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

அதுவரைக்கும் என் மனசுல 'ஆச்சி காலம்'ங்கிறது ஒரு அழகான போட்டோ. விறகடுப்பு, வெங்கலப் பானை, கொல்லையில வாழை. அந்த போட்டோவுல குனிஞ்சு தேய்ச்சுட்டு இருக்கிறது யாருன்னு நான் பார்த்ததே இல்ல.

நாருக்கும் ஒரு விலை இருக்குன்னு ஆச்சிதான் சொன்னா. அந்தக் காலத்துல கதம்பையை உப்புத்தண்ணிக் காயல்ல மாசக்கணக்கா ஊறப் போடுவாங்களாம். தண்ணியில இருக்கிற பாக்டீரியா, நாரை ஒட்டி வச்சிருக்கிற பெக்டினைத் தின்னு பிரிச்சுக் கொடுக்கும். ஆனா ஊறுற இடத்துல தண்ணி கறுத்துப் போகும், ஆக்ஸிஜன் குறையும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு. இடுப்பளவு தண்ணியில நின்னு அதை அள்ளிக் கரையேத்தி அடிச்சதும் பெரும்பாலும் பொம்பளைங்கதான். இப்ப அந்த வேலையில பெரும்பகுதியை மெஷின் பார்த்துக்குது. ஆக, 'இயற்கை'ன்னு லேபிள் ஒட்டிட்டா எல்லாம் சுத்தம்னு நினைக்கக் கூடாது.

மணக்குடி: கதையோட கடைசி பக்கம்

ஈத்தாமொழியில இருந்து கடலோரமாப் போனா மணக்குடி. பழையாறு கடல்ல சேருற இடம். 2004 சுனாமியில இங்க இருந்த பாலத்தையே அலை பேர்த்துத் தள்ளுச்சு. அந்த மணக்குடிதான். காயல் ஓரமா அலையாத்திச் செடிகள் நிக்குது. நல்ல காத்து, மேல கொக்கு, தூரத்துல வள்ளம். காலேஜ் டூர் போட்டோவுக்கு செம ஸ்பாட்!

கொஞ்சம் குனிஞ்சு வேரைப் பாருங்க. ஷாம்பு பாக்கெட், டிடெர்ஜென்ட் பாக்கெட், பாட்டில் மூடி. அதுக்கு நடுவுல வெளுத்துப் போய், பாதி பிஞ்ச ஒரு பச்சை நார். எந்த ஊர், எந்த வீட்டு சிங்க்ல இருந்து கிளம்புச்சோ! இது கண்ணுக்குத் தெரியுற பாகம். தேய்ஞ்சு போன தூளை நீங்க பார்க்க முடியாது.

திரும்பி வரும்போது சுசீந்திரம் குளத்துக்கரையில வண்டியை நிறுத்தினோம். நாகர்கோவில் – கன்னியாகுமரி ரோட்டுல பஸ்ல போனவங்க எல்லாரும் ஜன்னல் வழியாப் பார்த்திருப்பீங்க. பறவைகள் வந்து இறங்குற குளம். சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அங்கீகாரம். நம்ம மாவட்டத்துல இருந்து வேம்பனூரும் அதே 2022-ல அந்தப் பட்டியல்ல வந்துச்சு. நாஞ்சில் நாடே குளங்களால ஆன நாடு. ஒரு குளம் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சா அடுத்த குளம். தண்ணி மட்டுமா அப்படிப் போகும்? நாம கரைச்சு ஊத்துறதும் அதே வழியிலதான் போகும். சில சலவைத் தூள்ல இருக்கிற பாஸ்பேட் குளத்துல சேர்ந்தா பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அது உரம். அதுங்க செழிச்சு, அழுகி, தண்ணியில இருக்கிற ஆக்ஸிஜனைக் காலி பண்ணும். மீனுக்கு மூச்சு முட்டும்.

நம்ம ஊர்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க. 2017-ல லண்டன் பாதாளச் சாக்கடையில 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு அடைப்பு. எடை 130 டன். என்னன்னு பார்த்தா, சிங்க்ல ஊத்தின கொழுப்பும், துடைச்சுத் தூக்கிப் போடுற ஈரத்துணி வைப்ஸும் சேர்ந்து இறுகினது! இப்ப நம்ம சூப்பர் மார்க்கெட்லயும் அந்த வைப்ஸ் வந்தாச்சு. அதுலயும் பலதுல பிளாஸ்டிக் இழைதான். எங்க வீட்டுல பழைய துவர்த்து நாலா கிழிஞ்சு அந்த வேலையைப் பார்க்குது. துவச்சா திரும்பவும் ரெடி.

ஒரு வாரம்: மார்க் லிஸ்ட்

இனி ரிசல்ட். ஏழு நாள், மூணு வேளை, நாலு பேர் சாப்பிட்ட பாத்திரம். உண்மையை உள்ளது உள்ளபடி சொல்றேன்.

கதம்பைப் பந்து: இரும்புச் சட்டி, எவர்சில்வர், குக்கர் அடி – ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன். நான்ஸ்டிக் தவாவுல போட்டேன். போட்டிருக்கக் கூடாது. கீறல் இன்னும் அம்மா கண்ணுல படல, இதை அவங்க படிக்காம இருந்தா நல்லது. கண்ணாடி டம்ளருக்கும் வேண்டாம்.

பீர்க்கங்கூடு: முத்திக் காய்ஞ்ச பீர்க்கங்காயோட உள்நார். டம்ளர், நான்ஸ்டிக், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மெத்துன்னு இருக்கு. பாஸ்.

பூந்திக்கொட்டை தண்ணி: கொட்டையை எடுத்துட்டுத் தோலை ராத்திரி ஊறப் போட்டு, காலையில கொதிக்க வச்சு வடிகட்டணும். நுரை குறைச்சல்தான். நுரை இல்லேன்னா சுத்தமாகலைன்னு விளம்பரம் நம்மளப் பழக்கி வச்சிருக்கு. சாதாரண எண்ணெய்ப் பிசுக்கு போகுது. பொரிச்ச மீன் சட்டிக்குச் சுடுதண்ணி துணைக்கு வேணும். மூணாம் நாள் புளிச்சு நாறிச்சு, அதனால ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். இன்னொண்ணு: சபோனின் மீனுக்கு ஆகாது. மிச்சத்தைக் குளத்துல, ஓடையில ஊத்தாதீங்க. வாழை மூட்டுல ஊத்துங்க.

சாம்பல்: இதுல பொட்டாசியம் கார்பனேட் இருக்கு, அது காரம். எண்ணெயோட சேர்ந்து கொஞ்சம் சோப்பாவே மாறும். அலுமினியத்துல போட்டா பளபளப்பு போகும். பெரிய பிரச்னை என்னன்னா, கேஸ் அடுப்பு வீட்டுல சாம்பலுக்கு எங்க போக? பாக்கெட் போட்டு ஆன்லைன்ல விக்கிறாங்க. வேண்டாம்டா சாமி, ஏற்கெனவே ஒரு பபிள் ராப் பாடம் படிச்சாச்சு. அரியர்.

புளி: பித்தளை, வெண்கலத்துக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. புளியில இருக்கிற டார்ட்டாரிக் அமிலம் மேல படிஞ்ச கறையைக் கரைச்சிரும். ரசத்துக்குப் பிழிஞ்ச சக்கையே போதும். யுனிவர்சிட்டி ரேங்க்!

மீன் சட்டி: இது தனி சப்ஜெக்ட். மண்சட்டிக்குள்ள சோப்பு ஊறிப் போனா அடுத்த நாள் மீன்குழம்புல சோப்பு மணக்கும். சுடுதண்ணி, கதம்பை, கொஞ்சம் அரிசிமாவு. அவ்வளவுதான். எங்க ஊர் அம்மாக்கள் எல்லாரும் பிஎச்.டி. வாங்குன பாடம் இது.

வினிகரும் சமையல் சோடாவும்: ரெண்டையும் கலந்து, பொங்கிச்சா, அதுதான் சுத்தம்னு வீடியோ போடுறாங்க. கெமிஸ்ட்ரி லேப்பை ஞாபகப்படுத்திப் பாருங்க. அமிலமும் காரமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு, கடைசியில மிஞ்சுறது பெரும்பாலும் தண்ணிதான். தனித்தனியா வச்சுக்கிட்டா ரெண்டும் நல்ல பசங்க. ஆனா பிளீச்சிங் பவுடரோட வினிகரையோ ஆசிட்டையோ மட்டும் தப்பித் தவறிக்கூடக் கலந்துடாதீங்க. குளோரின் வாயு வரும். இது ஜோக் இல்ல.

கடைசியா ஒரு தகவல். 2017-ல ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் பழைய சமையலறை ஸ்பாஞ்சை ஆராய்ஞ்சு, சில இடங்கள்ல ஒரு கன சென்டிமீட்டர்ல 5,000 கோடிக்கும் மேல பாக்டீரியா இருக்கலாம்னு சொன்னாங்க. கதம்பையும் ஈரமாவே கெடந்தா அதே கதிதான். தேய்ச்சு முடிச்சதும் உதறி வெயில்ல போடுங்க. வெயிலுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்?

அம்மாவோட தீர்ப்பு

ஏழாம் நாள் ராத்திரி என் வலது மணிக்கட்டு வலிச்சுது. பச்சை நாரும் லிக்விடும் இருந்தா பத்து நிமிஷத்துல முடியுற வேலை, எனக்குக் கதம்பையோட அரை மணி நேரம் ஆச்சு. அம்மா காலையில அஞ்சு மணிக்கு எழும்பி, சமைச்சு வச்சுட்டு வேலைக்குப் போறவங்க. அந்த மிச்ச இருபது நிமிஷம் இருக்கே, அதுக்காகத்தான் அவங்க பச்சை நாரை வாங்கினாங்க. அலட்சியத்தால இல்ல.

உங்ககிட்ட நான் சொல்ல வந்தது இதுதான் பிரெண்ட்ஸ். மாற்று வழி நம்ம கொல்லையிலயே கெடக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்ல. ஆனா அதுக்கு ஒருத்தரோட நேரமும் கையும் வேணும். நாம 'பூமியைக் காப்பாத்தப் போறேன்'னு கிளம்பி, அந்த வேலையை மறுபடியும் அம்மா தலையில கட்டினா, அது பசுமைப் புரட்சி இல்ல. ஆச்சியோட ரேகையை அழிச்ச அதே கணக்கு.

அம்மாகிட்ட ரிசல்ட்டைச் சொன்னேன். பேரம் பேசினோம். வார நாள்ல அவங்க வசதிப்படி. ஆனா பச்சை நார் தீர்ந்ததும் அந்த இடத்துக்குப் பீர்க்கங்கூடு வரும். லீவுக்கு நான் வர்ற நாள் எல்லாம் அடுப்படி என் டிபார்ட்மென்ட். நான் இல்லாத ஞாயித்துக்கிழமை? அம்மா அப்பாவைப் பார்த்தாங்க. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரா உயர்த்திப் பிடிச்சார். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் நடந்துட்டு இருக்கு.

ஹாஸ்டலுக்குக் கிளம்புறப்ப ஆச்சி ஒரு பொட்டலம் கொடுத்து விட்டா. உள்ள மூணு கதம்பைப் பந்து. "ஒண்ணு உனக்கு. மீதி ரெண்டு கூட இருக்க பயக்களுக்கு. அவனுகளும் தேய்க்கட்டும்."

ரூம்ல ஒரே கலாய். ஒருத்தன் அதை எடுத்து பேட் இல்லாம கிரிக்கெட்டே ஆடிட்டான். பரவாயில்ல. ராத்திரி மெஸ்ல இருந்து வந்து என் டிபன் பாக்ஸை நான் தேய்ச்சேன். பக்கத்து பைப்புல அந்த கிரிக்கெட் பார்ட்டி தயங்கித் தயங்கி வந்து, "மச்சான், அந்தப் பந்தைக் கொஞ்சம் கொடேன்" அப்படின்னான்.

உங்க வீட்டுல இன்னைக்கு ராத்திரி பாத்திரம் யார் தேய்க்கப் போறாங்க? சாப்பிட்ட தட்டோட எழும்புங்க. சிங்க் பக்கம் போங்க. எந்த நார் நல்லதுங்கிறது அங்க நின்னாத்தான் தெரியும்.